இடது பக்கம்

பைக் வந்தது எனக்குக் கேட்கவில்லை. மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்பேன், இடது முழங்கையை எதுவோ உரசிக்கொண்டு போனது, முதலில் சூடு, பிறகு பெட்ரோல் வாசனை, அதற்கும் பிறகுதான் சத்தம், அதுவும் என்னைத் தாண்டி முன்னால் போய் வலது காதுக்கு எட்டிய பிறகு. ஓட்டியவன் திட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான், கையிலிருந்த வெள்ளைக் கோலைப் பார்த்திருப்பான். ஒரு கடையின் ஷட்டர் ஓரமாக ஒதுங்கி நின்றேன். சனிக்கிழமை மத்தியானம், இந்தத் தெருவில் யாருக்குத்தான் என்ன கேட்கும், ஒரு பக்கம் ஸ்பீக்கர் கடைக்காரன் தன் சரக்கின் வலுவைக் காட்டுகிறான், இன்னொரு பக்கம் டிரில்லிங் மெஷின், நடுவில் தள்ளுவண்டி, கண் உள்ளவனையே இடித்துவிட்டுப் போகும் தெரு இது. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் கல்லூரிக் காலத்திலிருந்து இந்தத் தெருவுக்கு வருகிறேன், ஒரு வண்டி என்னைத் தொட்டதில்லை. எந்தப் பக்கம் வருகிறது, என்ன வேகம், பிரேக் பிடிக்கப் போகிறானா வளைத்துக்கொண்டு போகப் போகிறானா, எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். இன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்கு மட்டும்தான். அது பேட்டரி பைக்காக இருக்கும், அதற்குச் சத்தமே கிடையாது. பெட்ரோல் வாசனை வந்ததே. சரி, வந்தது, பக்கத்தில் வேறு ஏதாவது வண்டி நின்றிருக்கும். நான் வந்தது ஒரு சவுண்ட் கார்டு வாங்க. அதை வாங்கிவிட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இம்தியாஸ் பாயின் கடை ஒரு காம்ப்ளெக்ஸின் உள்ளே, படியேறினால் வலது கைப்பக்கம், ஈயம் உருகும் வாசனையும் புது அட்டைப்பெட்டி வாசனையும் கலந்து வந்தால் அதுதான். பாய் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பையிலிருந்து லேப்டாப்பையும் ஹெட்ஃபோனையும் எடுத்துக் கவுன்டர்மேல் வைத்துக்கொண்டே, லேப்டாப்பில் ஹெட்ஃபோன் சொருகும் இடம் கெட்டுவிட்டது, இடது பக்கம் மந்தமாக வருகிறது, யுஎஸ்பியில் மாட்டுகிற மாதிரி வெளியிலிருந்து ஒன்று வேண்டும், கேம் ஆடத்தான், ப்ளூடூத் வேண்டாம், அதில் சத்தம் ஒரு கணம் தாமதமாக வருகிறது, அந்த ஒரு கணத்தில் நான் செத்துவிடுவேன் என்றேன். பாய் சிரித்தார். நான் கேம் ஆடுவது அவருக்குத் தெரியும், முதல் தடவை சொன்னபோது நம்பவில்லை, இதே கவுன்டரில் உட்கார்ந்து அவருடைய மச்சானைத் தோற்கடித்துக் காட்டினேன். திரையில் இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று அடித்துக்கொள்கிற ஆட்டம் அது. ஒவ்வொரு உதைக்கும் ஒவ்வொரு சத்தம், காலை உயரத் தூக்கினால் ஒன்று, தாழ உதைத்தால் ஒன்று, பின்வாங்கினால் தரையில் தேய்கிற சத்தம். இதெல்லாம் பழகிவிட்டால் வந்துவிடும். முக்கியமானது எதிராளி தலைக்கு மேலே தாவி அந்தப் பக்கம் குதிப்பது. வலது காதில் இருந்தவன் இடது காதுக்குப் போய்விடுவான், அந்த நொடியே நானும் திரும்பியாக வேண்டும், இல்லையென்றால் வெற்றிடத்தைப் பார்த்துக் குத்திக்கொண்டிருப்பேன், முதுகில் அடி விழும். வங்கியில் பகல் முழுவதும் டெலிபோனில் பிறருடைய புகார்களைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இதில் உட்கார்ந்தால், எதிரில் இருப்பவனுக்கு நான் யார் என்று தெரியாது, பாவம் என்று விட்டுக்கொடுக்க மாட்டான், ஜெயித்தால் ஜெயித்ததுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிண்டியில் ஒரு கல்லூரி அரங்கில் போட்டி. கண் உள்ளவர்களோடு, தனிப் பிரிவு எதுவும் இல்லாமல். பேர் கொடுத்துவிட்டேன். திருப்பூரிலிருந்து என்னோடு தினமும் பயிற்சி ஆடுகிற நிர்மல்தான் முதலில் சொன்னான், அண்ணா, நான் இடது பக்கம் தாவினா நீங்க திரும்பறதே இல்லை. அப்புறம் அவனே ஒரு காரணமும் சொன்னான், பழைய லேப்டாப், சவுண்ட் சிப் போயிருக்கும், வெளிக் கார்டு ஒண்ணு வாங்கிடுங்க. அந்தக் காரணத்தை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பாய் முதலில் கொடுத்தது கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஒரு முனையை லேப்டாப்பில் சொருகி மறு முனையில் ஹெட்ஃபோனை மாட்டினேன். ஹெட்ஃபோனின் ஒயர் இடது காதுப் பக்கத்திலிருந்துதான் இறங்கும், அதைத் தொட்டுப் பார்த்துத்தான் எப்போதும் போடுவேன், ஒயர் இடது தோள், ஒயர் இடது தோள். ஆட்டத்தைத் திறந்தேன், யாருமில்லாத பயிற்சிக் களம், எதிராளியை என் தலைக்கு மேலே தாவித் தாவிக் குதிக்க வைத்தேன். வலதில் தொம் என்று விழுந்தான். இடதில் விழுந்தபோது பக்கத்து வீட்டு மாடியில் விழுந்த மாதிரி இருந்தது. மறுபடி. மறுபடி. அடியில் ஓர் இரைச்சல் வேறு, சட்டியில் தண்ணீர் சுண்டுகிற மாதிரி. இது சரியில்லை பாய், கரகரன்னு இருக்கு என்றேன், இரைச்சலைப் பற்றி மட்டும் சொன்னேன். மலிவான சாமான், அதில் இடது பக்கமும் அப்படித்தான் இருக்கும். லேப்டாப்பிலும் இடது பக்கம், இதிலும் இடது பக்கம். அப்படியானால் ஹெட்ஃபோனாக இருக்கலாம், ஒயர் உள்ளே விட்டுப்போயிருக்கலாம். அது ஹெட்ஃபோனா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கழற்றி, திருப்பி மாட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒயர் வலது தோளுக்கு வரும்படி. அப்போது மந்தம் வலது காதுக்கு மாறிவிட்டால் கோளாறு ஒயரில். மாறாமல் இடதிலேயே நின்றுவிட்டால். இது எனக்குத் தெரியாததா, மற்றவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், நிர்மலுக்கு ஒரு தடவை ஃபோனிலேயே இதைச் செய்யச் சொல்லி அவனுடைய ஹெட்ஃபோனைக் குப்பையில் போடச் செய்தேன். இத்தனை நாளில் எவ்வளவோ தடவை கை தலைவரைக்கும் போயிருக்கிறது, கழற்றவும் செய்திருக்கிறேன், துடைத்துவிட்டு அதே மாதிரி திரும்பப் போட்டுக்கொண்டேன். கை திருப்பாது. திருப்பு என்றால் திருப்பாது.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகை இப்படித்தான் பின்னால் போனது. ஆறாம் வகுப்பில் கடைசிப் பெஞ்சிலிருந்து நடுப் பெஞ்சுக்கு வந்தேன், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று சொல்லி. நடுப் பெஞ்சிலிருந்து முன் பெஞ்சுக்கு, பக்கத்துப் பையன் கிள்ளுகிறான் என்று சொல்லி. அப்புறம் பக்கத்தில் இருப்பவன் எழுதும்போது முணுமுணுப்பதைக் கேட்டு எழுதினேன், நன்றாகத்தான் எழுதினேன், யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் சாயங்காலம் வாசலில் நின்ற அம்மாவை யாரோ என்று நினைத்து, அம்மா இல்லீங்களே என்று சொல்லிவிட்டேன். அதற்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மாவிடம் திரைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பேசினார், மெதுவாகத்தான் பேசினார், ஆனால் அப்போது என் காது கத்தி மாதிரி. சில பேருக்கு இது கண்ணோட நிக்காதும்மா, காதையும் கவனிச்சுட்டு வாங்க. அம்மா அதை என்னிடம் சொன்னதே இல்லை, சாகும்வரை சொல்லவில்லை, நான் கேட்டுவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் கண் விழித்ததும் முதலில் மின்விசிறியைத் தேடுவேன், அப்புறம் தெருக் குழாயை, அப்புறம் தூரத்தில் பெரம்பூர் லோகோ ஸ்டேஷன் ரயில் சத்தத்தை, எல்லாம் இருக்கிறதா, இருக்கிறது, சரி, எழுந்திரு. எல்லாரும் சாமி கும்பிடுகிற மாதிரி. கொஞ்ச நாளாக இடது காதைத் தலையணையில் வைத்துப் படுத்து வலது காதால் மட்டும் எண்ணுகிறேன். எண்ணிக்கை சரியாகத்தான் வருகிறது. டாக்டர் இரண்டு காதையும்தானே சொல்லியிருப்பார், இது ஒரு காதுதான், ஒரு காது என்றால் அது இல்லை, அழுக்கு அடைத்திருக்கும், சளி இறங்கியிருக்கும், குளத்தில் குளித்தவனைக் கேட்டால் சொல்வான், நான் குளத்துக்கு எங்கே போனேன்.

இரண்டாவது ஒன்றைப் பாய் வைத்தார், சோப்பு டப்பா அளவு, மேலே வழுவழுவென்று கண்ணாடி மாதிரி. கேமுக்குன்னே வந்தது சார், சுத்திலும் இருந்து சத்தம் வரும் என்றார். விரலால் தடவினேன், பொத்தானே இல்லை, தொட்டால் வேலை செய்கிற வகை, எங்கே தொட வேண்டும் என்பதை விளக்கு எரிந்து காட்டுமாம். என் விரல் பட்டுப் பட்டு ஒலி ஏறியது, இறங்கியது, திடீரென்று நின்றுபோனது. பாய் எதையோ தொட்டுச் சரிசெய்தார். ஆட்டம் இப்போது குளியலறைக்குள் நடக்கிற மாதிரி இருந்தது, குதிப்பவன் எல்லாப் பக்கமும் குதிக்கிறான், எங்கேயும் குதிக்கவில்லை. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, இதில் இடது என்று ஒன்றே இல்லை, குறை தெரியவில்லை. ஆனால் இப்படி ஆடினால் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிடுவேன். இது வேண்டாம் என்று நகர்த்தி வைத்தேன். காதுத் திண்டுகளுக்குள் வியர்த்திருந்தது. கழற்றித் துடைத்தபோது காலையில் பிலோ கேட்டது ஞாபகம் வந்தது. பிலோமினா என் மனைவி, அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது, சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறாள், இன்றைக்குக்கூடப் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று போயிருக்கிறாள். காலையில் டம்ளர் கழுவிக்கொண்டே, ஏங்க, இப்பல்லாம் என்கிட்ட பேசும்போது ஏன் முகத்தைத் திருப்பிக்கறீங்க என்றாள். பார்வை இல்லாதவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பார்கள். என் குரல் நேராக வராமல் சுவரில் பட்டு வருகிறதாம். அவள் பேசுவதை வலது காதால் கேட்கத் திரும்புகிறேன், திரும்பின வாக்கில் பதில் சொல்கிறேன், குரல் ஜன்னலுக்குப் போகிறது. நான் அதை யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன், வங்கியில் ஹெட்செட்டை வலதுக்கு மாற்றினேன், சாப்பிடும்போது அவளுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்தேன், இதை யோசிக்கவில்லை. கழுத்து பிடிச்சிருக்கு என்றேன். குழாயை மூடாமல் அதே டம்ளரை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கைக்குள் வந்ததுமே பிடித்துவிட்டது. இரும்புப் பெட்டி, சில்லென்று, கனமாக, முன்னால் ஒரு திருகு, திருகினால் விரலுக்குக் கடக் கடக் என்று தெரிகிறது, எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பதைத் திரையிடம் கேட்க வேண்டியதில்லை. சொருகினேன். இரைச்சல் இல்லை, ஒன்றுமே இல்லை, அவ்வளவு சுத்தமான அமைதி, அதற்குள் எதிராளி மூச்சு விடுவதுகூடக் கேட்டது, வலதில். தாவ வைத்தேன். இடதில், தூரத்தில், மாடியில். திருகைக் கூட்டினேன், வலதில் இடி விழுந்தது, இடதில் அதே மாடி. பாய், இதுலயும் இடது மந்தமா இருக்கு என்று என் வாய் சொல்லிவிட்டது, சொல்லியிருக்கக் கூடாது. கொடுங்க சார் என்று அவர் ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். நான் கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். மந்தமா இருக்கு சார்னு சொல்லுங்க பாய், ஒயர் போயிடுச்சுன்னு சொல்லுங்க, இன்னொரு ஹெட்ஃபோன் வாங்குங்கன்னு சொல்லுங்க, எது சொன்னாலும் வாங்குகிறேன். அவர் ரொம்ப நேரம் கேட்டார், ரசித்துக் கேட்டார் போல. ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருக்கு சார், சூப்பரா இருக்கு என்றார். கை நீட்டினேன், ஹெட்ஃபோன் என் கைக்கு வந்தது. தொட்டுப் பார்த்தேன். ஒயர் வலது பக்கம் தொங்கியது. அவர் எதிரில் நின்று கொடுத்ததில் திரும்பி வந்திருக்கிறது. சரியாக்கிப் போட ஒரு கணம் போதும், என் விரல்கள் அந்த வேலையைத் தொடங்கியும்விட்டன, பாதி திருப்பிய இடத்தில் நின்றன. இத்தனை நாளாக நான் செய்ய மாட்டேன் என்றதை யாரோ செய்து கையில் கொடுத்திருக்கிறார்கள். வந்த மாதிரியே போட்டுக்கொண்டேன். ஒயர் வலது தோளில் இடித்தது, வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்ட மாதிரி.

"சார், மாத்திப் போட்டிருக்கீங்க," என்றார் பாய்.

"தெரியும்."

தாவ வைத்தேன். இதுவரை மாடியில் விழுந்துகொண்டிருந்தவன் என் வலது காதுக்குள் வந்து தொம்மென்று விழுந்தான், மண் தெறிக்கிற சத்தம்வரை கேட்டது. மறுபடி தாவினான், இடது பக்கம் போனான், போய்விட்டான். அங்கே யாரோ இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ஒயர் நன்றாக இருக்கிறது. கார்டு நன்றாக இருக்கிறது. லேப்டாப்கூட நன்றாகத்தான் இருந்திருக்கிறது பாவம். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அம்மா திரைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் பேசாமல் நின்றதுதான் நினைவில் வந்தது, டாக்டர் சொன்ன பிறகு அவள் புடவை அசைந்த சத்தம் மட்டும். பாய் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கைக்குப் பக்கத்தில் வைத்தார், குடிங்க சார் என்றார். குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் என் மூளை அடுத்த பெஞ்சைக் கண்டுபிடித்துவிட்டது. பாய், இதில் இடதை மட்டும் தனியாகக் கூட்ட முடியுமா என்று கேட்டேன். முடியுமாம், சாஃப்ட்வேரில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி அளவு இருக்கிறதாம், அவரே அதைத் திறந்து வைத்தார், ஹெட்ஃபோனைச் சரியாகப் போட்டுக்கொண்டு அம்புக்குறியை அழுத்தினேன், அழுத்த அழுத்த இடது பக்கத்து ஆள் மாடியிலிருந்து இறங்கினான், படிக்கட்டில் வந்தான், வாசலுக்கு வந்தான், கிட்டத்தில் வந்து நின்றுவிட்டான். சத்தம் வந்ததே தவிரத் துல்லியம் வரவில்லை, கம்பளியைப் போர்த்திக்கொண்டு குதிக்கிற மாதிரி இருந்தது, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரிந்தது. கம்ப்யூட்டரோடு ஓர் ஆட்டம் போட்டேன், இடது தாவலுக்கெல்லாம் திரும்பினேன், ஜெயித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும். யாருக்கும் தெரியாது, நிர்மலுக்குக்கூட, கார்டு மாத்தினதும் சரியாயிடுச்சு பாத்தியா என்பேன். அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், அதற்கடுத்து இன்னும் கொஞ்சம், அளவு முடிகிற இடம்வரை, முன் பெஞ்சுக்கு முன்னால் பெஞ்சு இல்லை. இந்தப் பெட்டிக்குள் வருகிற ஆட்களைத்தான் கூட்டலாம். பைக்கில் வந்தவனைக் கூட்ட முடியாது. டம்ளரைக் கழுவிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவளைக் கூட்ட முடியாது. பேக் பண்ணிடுங்க பாய் என்றேன். வாங்கத்தான் வாங்கினேன், போட்டியையும் விட மனசில்லை. பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன், இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டு, இந்தப் படியில் நான் சுவரைத் தொட்டதே இல்லை.

தெரு விளிம்பில், ஒரு கம்பத்தில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டேன், ஃபோனை வலது காதில் வைத்து. மணி அடிக்கும்போதே என்ன சொல்வது என்று மூன்று விதமாகக் கட்டினேன், ஒரு விதத்தில் சளி இருந்தது, ஒரு விதத்தில் டாக்டரிடம் சும்மா காட்டலாமே இருந்தது. கிளாஸ் முடிஞ்சு வராண்டாவுல இருக்கேன், சொல்லுங்க என்றாள்.

"பிலோ, எனக்கு இடது காது கேக்கல."

பிள்ளைகள் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. எத்தனை நாளா என்று கேட்டாள், கொஞ்ச நாளா என்றேன், அதனாலதான் திரும்பித் திரும்பி என்றேன், முடிக்கவில்லை. அவள் மூச்சை விட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"என் பேச்சு உங்களுக்குச் சலிச்சுப்போச்சுன்னு நெனச்சுட்டேன்," என்றாள்.

கரும்பலகை தெரியாததை மறைத்தபோது நான் மட்டும்தான் பயந்தேன், இப்போது பக்கத்திலேயே ஒருத்தி வேறு ஒரு பயத்தை வைத்துக்கொண்டு தினமும் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவள் குரல் அதற்குள் மாறிவிட்டது, வகுப்பெடுக்கிற குரல், இன்னைக்கே காது டாக்டர்கிட்ட போறோம், திங்கட்கிழமை வரைக்கும் வெச்சிருக்க வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் படக்குன்னு போனா சீக்கிரம் காட்டணும்னு எங்க ஹெட்மாஸ்டருக்கு வந்தப்ப சொன்னாங்க. அந்த டாக்டர் சொன்னதை, திரைக்கு அந்தப் பக்கம் சொன்னதை, அவளிடம் சொன்னேன், முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அதையும் டாக்டர்கிட்ட சொல்லுவோம், நீங்களா முடிவு பண்ணாதீங்க என்றாள். நான் அங்கே வருகிறேன் என்றதற்கு, நீங்க ஒரு காதை வெச்சுட்டு மவுண்ட் ரோட்டுல நடக்க வேண்டாம், நின்ன இடத்துல நில்லுங்க, ஆட்டோல வரேன் என்று வைத்துவிட்டாள்.

நின்றேன். தெருவின் சத்தமெல்லாம் வலது பக்கமே குவிந்து கிடந்தது, இடது பக்கம் சுவர் எழுப்பிவிட்ட மாதிரி. அவள் இந்தத் தெருவுக்கு அதிகம் வந்தவள் இல்லை. முனையில் இறங்கி உள்ளே நடப்பாள், என்னை உரசியவன் மாதிரி ஒருவன் பைக்கில் வருவான், நான் சொல்லியிருக்கக் கூடாது, நானே போயிருக்க வேண்டும். ஒருவர் வந்து எங்கே போகணும் என்று கேட்டார், ஆள் வராங்க என்றேன். ஆட்டோக்கள் வந்து வந்து நின்றன, ஒவ்வொன்றாகக் கேட்டேன். அப்புறம் அவள் கோல் கேட்டது. அவள் கோலின் நுனியில் ஓர் உருளை உண்டு, தட்டாமல் தரையில் உருண்டு வரும், சரசரவென்று, நூறு பேர் நடுவிலும் எனக்கு அது தெரியும். தெரிந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தலையை இப்படித் திருப்பினேன், வலதில் கேட்டது, அப்படித் திருப்பினேன், அப்போதும் வலதில் கேட்டது. தூரத்திலா கிட்டத்திலா, என்னை நோக்கி வருகிறாளா, தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறாளா. ஸ்பீக்கர் கடைக்காரன் எதையோ கூட்டினான், கோல் சத்தம் மூழ்கியது, வந்தது, மூழ்கியது. எனக்கு நடுத்தெருவில் கத்திப் பழக்கமில்லை. எங்கே இருந்தாலும் நானே தேடிக் கண்டுபிடித்துப் பக்கத்தில் போய் நிற்பேன், அதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. வாயைத் திறந்தேன்.

"பிலோ!"

தெருவில் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். எங்கிருந்தோ அவள் குரல் வந்தது, எங்கிருந்து என்று இப்போதும் தெரியவில்லை, ஆனால் அவசரமில்லாத குரல்.

"கேட்டுடுச்சு, வரேன். நிறுத்தாதீங்க, கூப்பிட்டுட்டே இருங்க."

கம்பத்தை விட்டு முதுகை எடுத்து நேராக நின்று, எந்தப் பக்கம் என்று பார்க்காமல், அவள் கை என் சட்டையைப் பிடிக்கிறவரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.